அஸ்திவாரக் குழியில் ஓர் அலங்கு

ஒரு வாலைச் சரிபார்ப்பதற்காகத்தான் நான் சென்னைக்கு வந்தேன். விமான நிலைய மேசையில் இருந்த அதிகாரி, "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "எறும்புதின்னி பொம்மை ஒண்ணு செய்யுறாங்க. அதோட வால் சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றேன். கடவுச்சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வால் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தி அனுப்பினார்.

நான் மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவள். இருபத்திரண்டு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தினேன். இப்போது சில நண்பர்களோடு சேர்ந்து சிறுவர்களுக்காக ஒரு சின்ன இயற்கைக் கூடம் நடத்துகிறோம். அதில் பிள்ளைகள் தொட்டுத் தடவிப் பார்க்க, நிஜ அளவில் ஓர் எறும்புதின்னி வேண்டியிருந்தது. பாடம் செய்த உடலை வைக்கச் சட்டமும் இடம் தராது, எனக்கும் மனம் வராது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபைபர் சிலைகள் செய்யும் ஜெசிந்தா என்பவரிடம் வேலையைக் கொடுத்தோம். அவர் கைப்பேசியில் படங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். முகம் நன்றாக வந்திருந்தது. முதுகும் பரவாயில்லை. வாலைப் பார்த்ததும்தான் எனக்குள் இருந்த ஆசிரியை சிவப்புப் பேனாவைத் தேடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை புறநகர் ரயிலில் ஏறினேன். பட்டரவாக்கத்தில் இறங்கச் சொல்லியிருந்தார் ஜெசிந்தா. முதலில் வந்த வண்டியிலேயே பெண்கள் பெட்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண், "எங்கமா போணும்?" என்று கேட்டார். சொன்னேன். "பட்டரவாக்கமா? இது ஃபாஸ்ட்டு வண்டியாச்சே! அங்க நிக்காதே!"

அவ்வளவுதான். அந்தப் பெட்டியே என் வழக்கை எடுத்துக்கொண்டது. அம்பத்தூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கட்டும் என்று ஒரு கட்சி. ஆவடி போய்த் திரும்பி வருவதுதான் சுலபம் என்று இன்னொரு கட்சி. எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அண்டை வீட்டார் தெலுங்கர்கள் என்பதால் எனக்கு அது புரியும். "பாவம், வெளியூர்க்காரி. பேச்சைக் கேட்டாலே தெரிகிறது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் வண்டி அரக்கோணமே போய்விடும்." விவாதம் முடிவதற்குள் அம்பத்தூர் போய்விட்டது. ஆவடியில் என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். மிளகாய்த்தூள் தூவிய கொய்யாத் துண்டு ஒன்றும் கையில் இருந்தது. யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஊர் ரயிலில் நான் தாய்லாந்து எல்லைவரை போனாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஜெசிந்தாவின் பட்டறை ஒரு திருகாணித் தொழிற்சாலைக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் தலையில்லாத ஒட்டகச்சிவிங்கி நின்றது. உள்ளே கிறிஸ்துமஸ் குடிலுக்கான மூன்று ஒட்டகங்கள், குழந்தையைச் சுமந்த அந்தோணியார், பூங்காவுக்குப் போகவேண்டிய முதலைக் குப்பைத்தொட்டி. ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது இருக்கும். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "வாங்க மங்கைக்கா! ட்ரெயின் உங்களுக்கு ஆவடிய சுத்திக் காட்டிடுச்சாமே?" என்று சிரித்தார். பக்கத்தில் வர்ணம் பூசும் ஏழுமலை. பருத்திப்பட்டுக்காரர். அவர் குடும்பத்தில் இன்னமும் இரண்டு பேர் ஏரிப்பக்கம் கீரை போடுகிறார்களாம். அவர் கைக்கு இருபது வருடமாகத் தூரிகைதான்.

மேசைமேல் துணி மூடியிருந்தது. ஏழுமலை அதை வித்தைக்காரரைப் போல விலக்கினார்.

அழகான விலங்கு. ஆனால் உலகத்தில் இல்லாத விலங்கு.

"ஏன்கா பேசாம நிக்கிறீங்க?" என்றார் ஜெசிந்தா.

நான் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தேன். எறும்புதின்னிகளில் எட்டு இனங்கள் என்பதுதான் நெடுங்காலக் கணக்கு. ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு. ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று இப்போது ஆய்வாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் காட்டில் இருப்பது சுண்டா எறும்புதின்னி. மலாயில் தெங்கிலிங் என்போம். உருளுகிறது என்ற பொருளில் வந்த ஒரு மலாய்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் பாங்கோலின் ஆக்கினார்கள். அது ஒல்லியானது. வால் நீளம், செதில் சிறிது. முதுகைச் சுற்றிப் பதினைந்து வரிசைக்கு மேல் செதில் ஓடும். மேசைமேல் இருந்ததற்கோ குட்டையான பருத்த வால், உள்ளங்கை அகலச் செதில்கள். அவை இந்திய இனத்துக்குரியவை. காதுமடல் இல்லை. செதில்களுக்கு நடுவே ஒரு முடிகூட இல்லை. இரண்டும் ஆப்பிரிக்க அடையாளம். ஆசிய இனங்களுக்குச் சின்னதாகவாவது காதுமடல் உண்டு. செதிலிடுக்கில் விறைப்பான முடியும் உண்டு.

"மூக்கு, முதுகு, காதுன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊர்ல இருந்து வந்திருக்கு" என்றேன்.

"நெட்ல வந்த படத்த எல்லாம் பாத்துதான்கா செஞ்சோம்" என்றார் ஜெசிந்தா, முகம் வாட.

வாய்க்குள் விரலை விட்டேன். ஏதோ குத்தியது. "இது என்ன?"

"பல்லு மேடம்" என்றார் ஏழுமலை பெருமையாக. "படத்துல ஒண்ணுத்துலயும் காட்டல. நானே வெச்சேன். பல்லு இல்லாத மிருகம் எங்கனா கீதா?"

"இதுக்கு இல்லையே! ஒரு பல்கூட இல்ல!" என்று நான் கத்தியதில் பக்கத்துப் பட்டறை ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். எனக்கு இந்தப் பாடம் வந்தால் கட்டுப்பாடு போய்விடும். ஒட்டகத்தின்மேல் சாய்ந்துகொண்டு நடத்த ஆரம்பித்துவிட்டேன். பல் கிடையாது, நாக்குதான் எல்லாம். அந்த நாக்கு தொண்டையில் தொடங்குவதில்லை. நெஞ்சுக்குள்ளே, கடைசி விலா எலும்புகளுக்குப் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. கறையானை ஒட்டவைத்து அப்படியே விழுங்கும். அரைப்பது வயிற்றின் வேலை. கூடவே விழுங்கிய சிறுகற்கள்தான் அங்கே அம்மி. செதில் என்றால் மீன் செதிலோ பாம்புச் செதிலோ அல்ல. நம் நகம் எதனால் ஆனதோ அதேதான். பாலூட்டிகளில் இப்படிச் செதில் போர்த்த கூட்டம் இது ஒன்றுதான்.

"அந்தக் காலத்துல பல்லில்லாததால தென்னமெரிக்க எறும்புண்ணியோட ஒண்ணா சேத்து வெச்சிருந்தாங்க. வாழ்க்கை ஒரே மாதிரி, அதனால உருவமும் அப்படி. ஆனா சொந்தமே வேற. ரத்த உறவுல இதுக்குக் கிட்ட இருக்கிறது நாய், பூனை, புலி வகையறா."

ஏழுமலை பட்டறை மூலையில் தூங்கிய நாயைப் பார்த்தார். "அப்போ இது நம்ம டாமிக்கு சித்தப்பனா?"

"ரொம்ப தூரத்துச் சித்தப்பா."

"கல்யாணத்துக்கு கூப்ட்டா போதும், சாவுக்கு போவ வேணாம். அந்த மாதிரி" என்று ஏழுமலை உறவை முடித்துவைத்தார். என் வகைப்பாட்டியல் வகுப்புகளில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஜெசிந்தா பொம்மையைச் சுற்றி வந்தார். "உள்கூடு இருக்கட்டும். தோல உரிச்சுட்டு செதில் மொத்தமும் புதுசா போடலாம். சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவோம். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அக்கா, நீங்க உயிரோட நெறைய பாத்திருப்பீங்க, இல்ல?"

எனக்கு முகம் சூடானது. அது இரவில் நடமாடும் பிராணி. எங்கள் காடுகளில் குறைந்துகொண்டே வருகிறது. பறிமுதல் செய்யப்பட்ட செதில் மூட்டைகளைப் பார்த்திருக்கிறேன். எலும்புக்கூட்டைத் தொட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

"ஒரு தடவைகூட இல்ல" என்றேன்.

புதன்கிழமை முழுவதும் செதில் வேலை. களிமண்ணில் நான்கு அளவுகளில் செதில் செய்து, முதுகில் ஓடு வேய்வதுபோல் அடுக்கினோம். மதியம் ஜெசிந்தா வாங்கிவந்த இட்லி வடகறியில் எனக்கு ஞானம் பிறந்தது. உடைத்த வடையைக் குழம்பில் ஊறவைத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். ஃபைபரில். தேநீர்தான் ஏமாற்றம். எங்கள் தே தாரிக் ஒரு குவளை நிறைய வரும். இங்கே இரண்டு வாயில் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு முறை வரும் என்று மாலையில்தான் புரிந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழுமலையின் கைப்பேசி அடித்தது. அவருடைய அக்கா வசந்தா. பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப்பக்கம் மனையில் வீடு கட்டுகிறார். அன்றைக்குத்தான் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் நாள். ஏழுமலை கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"மேடம்... அக்கா ஊட்டு மனைல, குழிக்குள்ள இன்னாவோ பந்து மாரி சுருண்டுகினு கீதாம். மேல புல்லா ஓடு ஓடா கீதாம். அலங்குன்றாங்க. அதான் மேடம், நம்ம எறும்புதின்னி!"

களிமண் கையோடு ஓடினேன். பட்டறையில் இருந்த ஒரே வண்டி குட்டி யானை. இங்கே சின்னச் சரக்கு வண்டிக்கு அதுதான் பெயர். அதன் முதுகில் பூந்தமல்லியில் இறக்கவேண்டிய ஒட்டகம் கட்டப்பட்டிருந்தது. அவிழ்க்க நேரமில்லை. ஜெசிந்தா ஓட்ட, நானும் ஏழுமலையும் முன்னால் நெருக்கிக்கொள்ள, ஒட்டகத்தோடு கிளம்பினோம். வழியில் ஒரு சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிப் போன தெருவில் தாழ்வாகக் கேபிள் ஒயர்கள். ஒட்டகத்தின் தலை மாட்டிக்கொண்டது. ஏழுமலை மேலே ஏறி ஒரு கழியால் ஒயரைத் தூக்கிப் பிடிக்க, வண்டி ஊர்ந்தது. மாடியிலிருந்து ஒரு குரல்: "இன்னா மாமே, ஒட்டகத்துக்கு கேபிள் கனெக்‌ஷனா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. வனத்துறைக்குப் பேசிவிட்டாயா என்று ஜெசிந்தாவை நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசியாயிற்று, ஆனால் அவர்கள் வேறொரு ஊரில் பாம்பு பிடிக்கப் போயிருந்தார்கள்.

மனையில் ஒன்பது குழிகள். ஓரத்தில் கான்கிரீட் லாரி, வயிறு உருட்டிக்கொண்டு நின்றது. வடகிழக்கு மூலைக் குழியைச் சுற்றி முப்பது பேராவது இருப்பார்கள். நான் விலக்கிக்கொண்டு போய், மண்மேட்டில் வயிற்றை வைத்துப் படுத்து, எட்டிப் பார்த்தேன்.

இருந்தது.

ஆளுயரக் குழியின் அடியில், கம்பிக்கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு பூசணிக்காய் அளவுக்குச் சுருண்டு, மண் நிறத்தில். செதில்கள் மெதுவாக ஏறி இறங்கின. மூச்சு! வரைந்திருக்கிறேன், அளந்திருக்கிறேன், கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறேன். மூச்சு விடும்போது ஓரச் செதில்கள் ஒன்றோடொன்று உரசி, மெல்லிய சத்தம் வரும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. என் கண்ணாடி மங்கிவிட்டது. பிறகு மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது. பயந்தால் வாலடிச் சுரப்பியிலிருந்து விடும் அந்த நாற்றத்தை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! எனக்கு அது சந்தனமாக இருந்தது.

குழிக்குள் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர், பெயர் பைத்யநாத். கம்பி கட்டும்போது அவர்தான் முதலில் பார்த்தாராம். விலங்குக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குத்துக்காலிட்டு, யார் கல் எறிந்தாலும் தன் முதுகில் விழும்படி உட்கார்ந்திருந்தார். மேலே நின்ற தோழரிடம் இந்தியில் சொன்னதை ஜெசிந்தா எனக்குத் தமிழில் சொன்னார்: "எங்கள் ஊர்க் காட்டில் இருக்கிறது. பஜ்ரகாப்தா என்போம். ஒருத்தரையும் கடிக்காது. கடிக்க வாயே இல்லை."

"கடப்பாரய உட்டு ஒரு நெம்பு நெம்புனா தொறந்துக்கும்" என்று யாரோ சொன்னார்.

"நெம்பாதீங்க!" என்று கத்தினேன். ஏனென்றால் அப்போதுதான் அதைப் பார்த்தேன். பெரிய வால் உடம்பைச் சுற்றி மடிந்திருந்த இடுக்கில், வெளிர் நிறத்தில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு, மிருதுவாக ஒன்று. அசைந்தது. உடனே உள்ளே போய்விட்டது.

"குட்டி இருக்கு" என்றேன். "உள்ள குட்டி இருக்கு."

பிறந்த குட்டியின் செதில் மெத்தென்று இருக்கும், இறுகச் சில நாளாகும். ஆபத்து வந்தால் தாய் குட்டியை வயிற்றில் வைத்துச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். நெம்பினால் இரண்டும் போகும். இதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். நான் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. பைத்யநாத்கூட உதட்டைப் பிதுக்கினார்.

வசந்தா வந்தார். ஐம்பத்தைந்து வயது, தலையில் துண்டு, கையில் தேங்காய். "ஏம்மா, நீ எந்த ஊருனு தெர்ல. குட்டியோ குண்டானோ, எனுக்கு லாரி நிக்குது. இது ஈசானி மூல. மொதல்ல இங்கதான் ஊத்தணும். பதினொன்றர வரிக்கும்தான் நேரம் நல்லா கீது."

"ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியாதா, அக்கா?"

"லாரி பொறுக்காதுமா" என்றார் மேஸ்திரி. "உள்ளயே எறுகிடும்."

எனக்கு அந்த அம்மாமேல் கோபம் வரவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருபது வருடம் வாடகை வீடு மாறியவர் என்று ஏழுமலை வழியில் சொல்லியிருந்தார். அவருக்கு இது வெறும் குழி இல்லை. கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னால் ஒருவன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான். தாழ்த்திப் பேசியதாக அவன் நினைப்பு. "ஆமா நைனா, உயிரோடதான் கீது. செதிலு மட்டும் போதுமா? சரி, ஆள இட்டுகினு வா."

வசந்தாவின் தலை திரும்பியது. தேங்காயைத் தம்பி கையில் கொடுத்தார். மண்வெட்டியை எடுத்தார்.

"எவன்டா அவன்? என் மனைல நின்னுகினு என் மனைக்கு வந்தத வெல பேசறவன்? புள்ளக்காரிய அறுத்து வித்துட்டு, அந்த எடத்துல நான் ஊடு கட்டி குடியிருக்கணுமா? போடா! இன்னொரு தபா இந்த பக்கம் உன் மூஞ்சிய பாத்தேன், உன்ன குழில தள்ளி கான்கிரீட் ஊத்துவேன்!"

அவன் போன வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. வசந்தா மூச்சிரைக்க மேஸ்திரியிடம் திரும்பினார். "எட்டு குழிய ஊத்து. இத உட்டுடு."

"ஈசானி மூல..."

"நல்ல நேரத்துல அங்க ஆயியும் புள்ளயும் கீறாங்க. அத விட இன்னா நேரம் வேணும் உனுக்கு? ஊத்து!"

லாரி கடைசிக் குழியிலிருந்து தொடங்கியது. மூலைக்குழியை மட்டும் சனிக்கிழமை கையில் கலந்து போட்டுக்கொள்வதாக மேஸ்திரி சொன்னார். பைத்யநாத்தை வேலைக்கு அனுப்பிவிட்டு அவர் இடத்தில் நான் இறங்கி உட்கார்ந்தேன். ஏழுமலை மேலே சாக்கை விரித்து நிழல் போட்டார். ஜெசிந்தா கூட்டத்தை ஒட்டகத்தின் பக்கம் திருப்பிவிட்டார். "போட்டோ எடுத்துக்கோங்க, ஃப்ரீதான்" என்றதும் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள்.

மூன்று மணி நேரம் நானும் அதுவும் ஒரு கை தூரத்தில் இருந்தோம். தொடவில்லை. முதுகுச் செதில் வரிசைகளை எண்ணினேன், பதின்மூன்று. இந்திய இனம், சந்தேகமே இல்லை. செதில் விளிம்புகள் வளை தோண்டித் தேய்ந்திருந்தன. இடுக்குகளில் பழுப்பு முடி, நான் சொன்னபடியே. ஏரிக்கரைப் புதரில் கறையான் புற்றைத் தேடி வந்து, விடிவதற்குள் புதிதாய்த் தோண்டிய மண்ணில் இறங்கி, ஏற முடியாமல் மாட்டியிருக்க வேண்டும். ஒருமுறை சுருள் கொஞ்சம் தளர்ந்து, ஈரமான மூக்கு நுனி ஒன்று வெளியே வந்து என் பக்கம் முகர்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். போய்விட்டது. வெளிர் நிறத்தைத்தான் மறுபடி பார்க்கவே முடியவில்லை.

வனக்காப்பாளர் தேவி வந்தபோது மணி இரண்டு. முப்பது வயதுக்குள் இருக்கும், சீருடையெல்லாம் சேறு. இரும்புக் கூண்டு கொண்டுவந்திருந்தார். கம்பியில் நகம் சிக்கிக் காயமாகும் என்று நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அதை ஒதுக்கிவிட்டார். மனையில் இருந்த நீல நிறத் தண்ணீர் டிரம்மில் மேஸ்திரி காற்றுக்கு ஓட்டை போட்டார். அடியில் மண் பரப்பினோம். தேவியும் பைத்யநாத்தும் சாக்கைச் சுற்றி, உருண்டையை அப்படியே, ஒரு துளி கோணாமல் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

தேவி பதிவேட்டைத் திறந்தார். "இனம்?" சொன்னேன். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று போட்டார்.

"ரெண்டு" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"வால் நுனி பாத்தேன். ஒரு நொடி."

"அது அதோட சொந்த கால் நகமாகூட இருக்கலாம்ல? நான் பாக்கல மேடம். பாக்காதத எழுத முடியாது."

இருபத்திரண்டு வருடம் என் மாணவர்களிடம் நான் சொன்னதும் அதுதானே. ஆனால் காட்டில் திறந்துவிடும்போது அவசரப்பட்டால்? டிரம்மைச் சாய்த்துக் கொட்டினால்? "தயவுசெஞ்சு கொட்டாதீங்க. சாய்ச்சு வெச்சுட்டு தள்ளி நில்லுங்க. எவ்ளோ நேரமானாலும் அதுவா வரட்டும்" என்றேன். தேவி தலையசைத்து என் எண்ணை வாங்கிக்கொண்டார். எந்தக் காடு என்று சொல்ல அனுமதியில்லை. ஜீப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை எனக்குக் கை ஓடவில்லை. ஏழுமலையோ தீப்பிடித்ததுபோல் வேலை செய்தார். "நேத்து பாத்த மாரியே பெரிய செதிலா வெச்சிடலாமே மேடம்? அதுதான கெத்தா கீது" என்று கேட்டார். எங்கள் பிள்ளைகள் எங்கள் காட்டு விலங்கைத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். "சரி, இது மலேசியா தங்கச்சி" என்று சின்னச் செதில்களை ஒட்டினார். பற்களைப் பிடுங்கியவரும் அவரே. மாலை சேக்காட்டில் ஜெசிந்தா வீட்டில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். அவர் கணவர் நான் சாப்பிடாமல் பிசைவதைப் பார்த்து, "குட்டி இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்களா, தெரியுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நினைத்தேனா, பார்த்தேனா? இத்தனை வருட ஆசை எனக்கு ஒரு வால் நுனியை வரைந்து காட்டிவிட்டதா? கைப்பேசி பேசவே இல்லை.

சனிக்கிழமை காலை பட்டறையில் பொம்மைக்குக் கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. "சாரி மேடம், காட்டுல சிக்னல் இல்ல. இப்பதான் மேல வந்தோம்." கீழே ஒரு வீடியோ.

மூவரும் ஒரு கைப்பேசிக்குள் தலையை விட்டோம். முந்தின நாள் அந்திவேளை. சாய்த்து வைத்த நீல டிரம், புல், ஒரு பாறை. நெடுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு மூக்கு. பிறகு நீண்ட முகம், தயங்கித் தயங்கி. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கைகளை மார்போடு மடித்துக்கொண்டு, ஏதோ கேட்க வந்து கூச்சப்படுகிறவர்போல் நின்றது. நான்கு அடி வைத்தது. வால் முழுவதும் வெளியே வந்தது. வாலடியில், குறுக்காக, வெளுத்த நிறத்தில், நான்கு காலாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு குட்டி.

படம் ஆடியது. "ஐயோ... ரெண்டு" என்று தேவியின் குரல் கிசுகிசுத்தது. இரண்டும் புல்லுக்குள் போயின.

நான் அழுதேன், ஜெசிந்தாவும் அழுதார். ஏழுமலை ஒட்டகச்சிவிங்கியின் பின்னால் போய் நின்றுகொண்டார். அடுத்ததாக ஒரு படம் வந்தது. பதிவேட்டில் ஒன்றை அடித்து, இரண்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து.

விமானத்துக்குப் போகும் வழியில் பருத்திப்பட்டுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். எட்டுக் குழிகள் இறுகியிருந்தன. மூலைக்குழியில் பைத்யநாத்தும் மேஸ்திரியும் அப்போதுதான் கலவை போட ஆரம்பித்திருந்தார்கள். வசந்தா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பேசியை வாங்கினார். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது முறை குட்டி வந்ததும் விரலால் திரையைத் தொட்டார்.

"ஊடு கட்டி முடிச்சதும் உன்ன கூப்புட்றேன், நீ வந்துடணும்" என்றார் என்னிடம். பிறகு ஈரம் காயாத அந்த மூலையைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா மொதல்ல குடி வந்தது நீயும் இல்ல, நானும் இல்ல. அவங்க ரெண்டு பேருதான்."